கபரகொய்யா எண்ணெயில் எது நஞ்சு?

வட இலங்கையின் வன்னிக் குளக்கட்டுகளில் இரண்டு பெரும் பல்லியினங்கள் திரிகின்றன. ஒன்று உடும்பு. சட்டம் தடுத்தும், நாயை விட்டுப் புற்றிலும் மரப்பொந்திலும் பிடித்துக் கறியாக்கும் பழக்கம் முற்றாக ஒழியவில்லை. மற்றது கபரகொய்யா. அதற்கு நாயை ஏவுவதுமில்லை, சட்டியில் போடுவதுமில்லை. விஷமென்று விலகிப் போவார்கள்.

இரண்டையும் பிரித்தறிய மூக்கைப் பார்த்தால் போதும். உடும்பின் மூக்குத்துளை ஒரு கீறல் போல, மூக்குநுனிக்கும் கண்ணுக்கும் நடுவில் இருக்கும். கபரகொய்யாவுக்கு அது வட்டமாக, நுனியை ஒட்டி இருக்கும். நீந்தும்போது மேலே தெரிவதும் அதுதான். கருமேனியில் மஞ்சள் புள்ளி வரிசைகள் இன்னொரு அடையாளம், ஆனால் வயதானவற்றில் அவை மங்கிவிடும்.

இந்த விலக்கல் பழையது. கண்டி இராச்சியத்தில் சிறையிருந்து 1679இல் அருவி ஆற்றங்காட்டு வழியே அரிப்புக் கோட்டைக்குத் தப்பி வந்த ஆங்கில மாலுமி ரொபர்ட் நொக்ஸ், இரண்டையும் பெயர் சொல்லியே குறித்திருக்கிறார்: கபரகொய்யா தின்ன ஆகாதது, உடும்பு அருமையான இறைச்சி. கபரகொய்யா வாலால் சவுக்கடி போல அடித்து நாய்களை அலறி ஓடவைக்கும் என்பதையும் சரியாகவே எழுதினார்.

அச்சத்தின் உச்சம் இலங்கையில் பிரித்தானிய அதிகாரியாயிருந்த எமர்சன் டெனன்ட் 1861இல் பதிந்த, கபரகொய்யா எண்ணெய் என்ற நச்செண்ணெயின் கதை. சிங்களவர் நடுங்கிய பொருள் அது. நாகம், புடையன், மூக்கு மேடிட்ட குழிவிரியன் ஆகிய மூன்றின் தலையையும் கீறித் தொங்கவிட்டு, வடியும் நஞ்சைச் சேர்ப்பார்களாம். அதைப் பாஷாணத்தோடும் வேறு மருந்துகளோடும் மனித மண்டையோட்டில் காய்ச்ச வேண்டும். மூன்று பக்கமும் கபரகொய்யாக்களை நெருப்பைப் பார்க்கக் கட்டி, சீறும்வரை அடித்து, வாயில் வரும் நுரையையும் கலக்க வேண்டும். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் நஞ்சு தயார்.

பாம்பு நஞ்சு புரதம். கொதிக்கும்போது பெரும்பாலான புரதங்களின் மடிப்புக் குலைந்து வேலை செய்யாமல் போகும். நாகத்தின் நரம்பு நஞ்சு மட்டும் சற்று முரண்டு பிடிக்கும்: 60 முதல் 74 வரையான அமினோ அமிலங்கள் கொண்ட சிறிய மூலக்கூறு, 4 அல்லது 5 கந்தகப் பாலங்கள் அதை இறுக்கிப் பிடித்திருக்கும். அப்படித் தப்பினாலும் விழுங்கியவரின் இரைப்பை அமிலமும் செரிமான நொதிகளும் அதை வெட்டும். முழுதாகக் குடற்சுவரைத் தாண்டி இரத்தத்தில் சேரவும் அதனால் இயலாது. பல்லால் தசைக்குள் ஏற்றப்படும்போதுதான் அது நஞ்சு. (வாயில் புண் இருந்தால் கதை வேறு. கடிவாயை உறிஞ்சக்கூடாது என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.) கொதித்த நுரையால் ஆவது எதுவுமில்லை. மண்டையோடு வெறும் பாத்திரம்.

மிஞ்சுவது பாஷாணம், அதாவது ஆர்சனிக். கொலை செய்வது அதுதான் என்பது டெனன்டுக்கும் தெரிந்திருந்தது. ஆர்சனிக் ஒரு தனிமம். எந்த அடுப்பும் அதைச் சிதைக்காது, குடலும் உறிஞ்சிக்கொள்ளும். உடலில் அது நொதிகளின் கந்தக முனைகளைப் பற்றிக்கொள்ள, கலங்கள் சக்தி ஆக்குவதை நிறுத்துகின்றன. வாந்தியும் கழிசலும் வாந்திபேதி போலவே இருப்பதால், 1836இல் ஜேம்ஸ் மார்ஷ் தன் சோதனையை வெளியிடும்வரை உடலில் ஆர்சனிக்கை நிச்சயமாகக் காட்டுவது கடினமாயிருந்தது. கந்தகப் பாலங்களால் நிற்கும் நஞ்சு அடுப்பில் தப்பினாலும் வயிற்றில் தோற்கிறது. கந்தகத்தைப் பற்றும் நஞ்சு இரண்டையும் கடக்கிறது. பழியோ பாம்புக்கும் பல்லிக்கும்.

கபரகொய்யாவின் இறைச்சியிலும் நஞ்சில்லை. தென்கிழக்காசியாவில் பல இடங்களில் உண்கிறார்கள். பிணம் தின்பதைப் பார்த்து வந்த அருவருப்பே நம் விலக்கலுக்குக் காரணமாயிருக்கலாம். ஆனால் வாயைப் பற்றிய பயம் முழுப் பொய்யல்ல. 2006இல் வெளியான ஆய்வொன்று, கபரகொய்யாவும் அடங்கும் உடும்புக் குடும்பத்தின் கீழ்த்தாடைச் சுரப்பிகளில் இரத்த அழுத்தத்தைக் குறைக்கும், இரத்தம் உறைவதைத் தடுக்கும் புரதங்களைக் காட்டியது. மனிதருக்கு அவற்றால் எவ்வளவு கேடு என்பதில் ஆய்வாளரிடையே இன்னும் இணக்கமில்லை.

கடித்தால் உடனடித் தொல்லை கிழிசலும் கிருமியும். பற்கள் பின்னோக்கி வளைந்தவை. வாய்க்குள் அகப்பட்ட கையை வெடுக்கென்று இழுத்தால் காயம் நீளும், பல் முறிந்து உள்ளே தங்கவும் கூடும். ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவி, சுத்தத் துணியால் அழுத்தி இரத்தத்தை நிறுத்துங்கள். பின் ஆஸ்பத்திரியில் காயத்துக்குள் பல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி, ஏற்பு (டெட்டனஸ்) ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள்.