இயற்பியல் சேர்ந்த பிள்ளைகளுக்கு வரவேண்டிய பணம் எங்கே சிக்குகிறது?

மண்டபம், பாம்பன், கீழக்கரை, தொண்டி பக்கத்திலிருந்து பி.எஸ்சி. இயற்பியல் சேரும் பிள்ளைகள் முக்கியமாக இரண்டு திட்டங்களைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஒன்று, மாநில அரசு தரும் மாதம் 1,000 ரூபாய்: மாணவிகளுக்குப் புதுமைப்பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன். இன்னொன்று, மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் உதவித்தொகை, ஆண்டுக்கு 80,000 வரை. திட்டங்களின் வரலாறு எங்கு வேண்டுமானாலும் கிடைக்கும், பிள்ளைகள் ஏமாறும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

மாதம் 1,000 ரூபாய்க்கு 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும், அல்லது அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். 'தமிழ் வழி' என்பதைக் கவனியுங்கள். ஒரே மிஷன் பள்ளியில், பக்கத்து வகுப்பில் ஆங்கில வழியில் படித்த பிள்ளைக்குக் கிடைக்காது. நடுவில் ஒரு வருஷம் மெட்ரிக் பள்ளியில் கட்டணம் கட்டிப் படித்துவிட்டு, கட்ட முடியாமல் அரசுப் பள்ளிக்கே திரும்பி வந்தவர்களும் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். "பன்னிரண்டாவது அரசுப் பள்ளிதானே, போதும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் (மாணவர் விவரப்) பதிவில் எல்லா வருஷமும் இருக்கிறது. தொலைதூரக் கல்விக்கு இல்லை, எம்.எஸ்சி.க்கும் இல்லை. வருமான வரம்பும் சாதிக் கணக்கும் இதில் கிடையாது. அதனால் இந்த 1,000 ரூபாய்க்காக வருமானச் சான்று வாங்கி வா என்று அனுப்பினால் எதற்கு என்று கேளுங்கள், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அம்மாவைத் தாலுகா அலுவலகத்துக்கு அலைய விடாதீர்கள். வேறு உதவித்தொகை வாங்குவதும் இதற்குத் தடையில்லை. விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான் போகும்: எமிஸ் எண், ஆதார், மாற்றுச் சான்றிதழ் நகலை முதல் வாரமே பொறுப்பு ஆசிரியரிடம் கொடுத்து, கல்லூரி மாணவர் விவரங்களுக்கான யூமிஸ் தளத்தில் உங்கள் பெயர் ஏறிவிட்டதா என்று கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள்.

பெயர் ஏறியும் சிலருக்குப் பணம் வராது, அதுதான் பெரிய தலைவலி. பணம் ஆதாரோடு இணைந்த கணக்குக்குப் போகிறது, நீங்கள் எழுதிக்கொடுத்த கணக்கு எண்ணுக்கு அல்ல. பல வங்கிகளில் கணக்கு இருந்தால், கடைசியாக எந்த வங்கியில் ஆதாரை மானியத்துக்காக இணைத்தீர்களோ அங்கே போய் விழும். பாம்பன் பக்கத்து மாணவி ஒருத்தி மாதக்கணக்கில் பணம் வரவில்லை என்று அலைந்தாள். கல்லூரி வங்கியைக் கை காட்டியது, வங்கி இ-சேவையைக் கை காட்டியது, அங்கே கலெக்டர் ஆபீஸ் போகச் சொன்னார்கள். கடைசியில் பார்த்தால், ஊருக்கு வந்த ஒரு முகாமில் திறந்து அவளே மறந்துபோன கணக்கில் அத்தனை பணமும் கிடந்தது. மூன்று இடத்திலும் கம்ப்யூட்டர் இருந்தது, ஒருவர்கூடப் பார்த்துச் சொல்லவில்லை.

மை ஆதார் தளத்தில் 'வங்கி இணைப்பு நிலை' பகுதியில் எந்த வங்கி என்று காட்டும். ஆனால் அதற்கு ஓடிபி வேண்டும், நம் பக்கத்தில் பிள்ளையின் ஆதாரில் இருப்பது அநேகமாக அப்பா நம்பர், அப்பாவோ கடலில் இருப்பார், இல்லையென்றால் வளைகுடாவில். மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 வரை, அப்பா கரையில் இருக்கும்போதே இதை முடித்துவிடலாம். அதைவிட, ஆதார் மையத்துக்கு நேரில் போய்க் கைரேகை வைத்து உங்கள் சொந்த நம்பரை மாற்றிக்கொள்வது நல்லது, இதற்குத் தனி ஆவணம் தேவையில்லை. பள்ளிச் சான்றிதழிலும் ஆதாரிலும் பெயர், இனிஷியல், பிறந்த தேதி ஒன்றுபோல இருக்கிறதா என்றும் அப்போதே பாருங்கள்.

இன்ஸ்பயர் எல்லோருக்கும் இல்லை. பெரும்பாலோருக்கு இருக்கும் வழி, உங்கள் வாரியத்தில் பன்னிரண்டாம் வகுப்பில் முதல் 1 சதவீதத்துக்குள் வருவதுதான், வயது 17 முதல் 22. இயற்பியல், வேதியியல், கணிதம் போன்ற அடிப்படை அறிவியலுக்குத்தான், கணினி அறிவியலுக்கும் பொறியியலுக்கும் கிடையாது. எனக்கு மனசு ஆறாத விதி ஒன்று உண்டு: தேர்ச்சி பெற்ற அதே ஆண்டில் கல்லூரியில் சேர்ந்திருக்க வேண்டும். நீட்டுக்காக ஒரு வருஷம் காத்திருந்து, அது கிடைக்காமல் இயற்பியலுக்கு வருகிற நல்ல மதிப்பெண்காரப் பிள்ளை இங்கே வெளியே போய்விடுகிறது. வீட்டில் அந்த முடிவை எடுக்கும்போது இதையும் கணக்கில் சேருங்கள். 80,000இல் 60,000தான் கைக்கு, மீதி 20,000 கோடைக்கால ஆய்வுத் திட்டத்துக்கு. அந்தத் திட்டத்துக்கு ஒரு வழிகாட்டி வேண்டும், மே மாதம் வரை காத்திருக்காமல் டிசம்பரிலேயே உங்கள் ஆசிரியரிடமோ காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழக இயற்பியல் துறையிலோ கேட்டு வையுங்கள். விண்ணப்பத்தோடு கல்லூரி முதல்வர் கையெழுத்தும் முத்திரையும் உள்ள படிவம் ஏற்ற வேண்டும். கடைசி நாளில் முதல்வர் வெளியூரில் இருப்பார், அதனால் அறிவிப்பு வந்த அன்றே கொடுத்துவிடுங்கள்.

எங்கே போனாலும் மனுவை எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்தோ முத்திரையோ வாங்குங்கள். மாதம் 1,000 கல்லூரியில் தீராவிட்டால் மாவட்ட சமூக நல அலுவலகம். அங்கேயும் "அடுத்த வாரம் வா" என்றால் ராமநாதபுரம் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் அந்த நகல்களை இணைத்து மனு கொடுங்கள், அல்லது முதலமைச்சர் உதவி மையமான 1100க்குப் போன் செய்து பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.