எண்ணெய்ச் ‘சலுகை’ என்று எழுதாதீர்கள்

‘1901இல் பாரசீக மன்னர் டார்சிக்கு எண்ணெய்ச் சலுகை வழங்கினார்.’ போட்டித்தேர்வுக் குறிப்புகள், நாளிதழ்க் கட்டுரைகள், மொழிபெயர்ப்பு வரலாறுகள் என்று எங்கே திரும்பினாலும் இந்த வாக்கியம் ஏதாவதொரு வடிவில் வந்து நிற்கிறது. பாரசீகம் இன்றைய ஈரான்; டார்சி ஒரு பிரிட்டிஷ் தொழிலதிபர். விவரம் தெரியாமல் படிப்பவர், டார்சிக்கு எண்ணெய் விலையில் தள்ளுபடி கிடைத்தது என்றுதான் எடுத்துக்கொள்வார். ஒரு நாட்டின் நிலத்தடி எண்ணெயை அறுபது ஆண்டுக்கு எழுதிக்கொடுத்த செய்தி ‘சலுகை’ என்ற ஒரு சொல்லில் காணாமல் போகிறது.

இங்கே ‘சலுகை’ என்று மொழிபெயர்க்கப்படும் ஆங்கிலச் சொல் கன்செஷன். அது லத்தீன் வேரிலிருந்து வந்தது. விலகி வழிவிடு, இணங்கிக் கொடு என்பது வேர்ப்பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் அங்கே பல கிளை விட்டது: வாதத்தில் எதிராளியின் பேச்சை ஒப்புக்கொள்வது, கட்டணக் குறைப்பு, அரசு தனியாருக்கு எழுதிக்கொடுக்கும் உரிமை. எண்ணெய் வரலாற்றில் வருவது மூன்றாவது கிளை மட்டுமே. பாரசீகமும் அரபியும் இதற்கு ‘இம்தியாஸ்’ என்ற சொல்லை வைத்துக்கொண்டன. பிறருக்கு இல்லாமல் ஒருவருக்கென்று பிரித்துக் கொடுத்தது என்று அதற்குப் பொருள். நம்மவர்கள் அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துவிட்டார்கள்.

‘சலுகை’ ஏன் ஆகாது? மூத்த குடிமக்களுக்கு ரயில் கட்டணத்தில் தந்ததும், மாணவர்களுக்குப் பேருந்தில் தருவதும் சலுகை. கொடுப்பவர் கை மேலே, வாங்குபவர் கை கீழே. நினைத்தால் நிறுத்திவிடலாம். வளைகுடாவில் நிலைமை தலைகீழ். குவைத்தின் ஷேக் முபாரக் 1913இல் பிரிட்டனுக்கு ஒரு கடிதம் எழுதிக்கொடுத்தார்: பிரிட்டிஷ் அரசு நியமிக்கும் ஆளைத் தவிர வேறு யாருக்கும் எண்ணெய் உரிமை தருவதில்லை என்று. யாருக்குக் கொடுப்பது என்பதையே முடிவுசெய்ய முடியாதவர் சலுகை காட்டினார் என்று எழுதினால் வரலாறு கேலியாகிவிடுகிறது. அவருக்குப்பின் வந்த ஷேக் அகமது, டார்சியின் உரிமை போய்ச்சேர்ந்த பிரிட்டிஷ் நிறுவனமான ஆங்கிலோ-பெர்சியன் கம்பெனியையும் அமெரிக்காவின் கல்ஃப் கம்பெனியையும் மோதவிட்டு நல்ல விலை பேசப் பார்த்தார். இரண்டும் பாதிக்குப் பாதி சேர்ந்து குவைத் ஆயில் கம்பெனி ஆனதும் போட்டி போன இடம் தெரியவில்லை. 1934 டிசம்பர் 23இல் கையெழுத்து: 75 ஆண்டு, கையெழுத்திட்டதும் 4,75,000 ரூபாய், எண்ணெய் வந்தபின் டன்னுக்கு 3 ரூபாய். அன்று வளைகுடாவில் புழங்கியது நம் இந்திய ரூபாய்தான்.

இன்னொரு சங்கடமும் உண்டு. இந்த ஆவணங்களுக்குள் உண்மையான சலுகைகள் இருக்கின்றன. டார்சி ஆவணத்தின் ஏழாம் பிரிவு, அவர் இறக்கும் இயந்திரங்களுக்குச் சுங்கமில்லை, ஏற்றுமதிக்கு வரியில்லை என்கிறது. அது வரிச்சலுகை. முழு ஆவணத்துக்கும் சலுகை என்று பெயர் வைத்துவிட்டால், ‘சலுகையில் வழங்கிய சலுகை’ என்று எழுத வேண்டிவரும். எழுதியும் இருக்கிறார்கள்.

சரி, ‘குத்தகை’ என்கிறார்கள் விவரமறிந்த சிலர். சலுகையைவிட எவ்வளவோ மேல், ஆனாலும் பொருந்தாது. குத்தகை நிலத்தைப் பற்றியது. நிலத்தை எடுத்து, பயிரிட்டு, பேசிய நெல்லையோ பணத்தையோ அளந்துவிட்டு, தவணை முடிந்தால் நிலத்தை அப்படியே திருப்ப வேண்டும். எண்ணெயில் திருப்புவதற்கு எதுவும் மிஞ்சாது. டார்சி பெற்றது நிலமும் அல்ல. சுமார் 4,80,000 சதுர மைலில் தேடும், எடுக்கும், கொண்டுசெல்லும், விற்கும் தனி உரிமை அது. நிலத்துக்கு அந்த ஆவணம் தனி ஏற்பாடு செய்தது: அரசின் தரிசு நிலம் தேவைப்பட்டால் இலவசம், சாகுபடி நிலமென்றால் நடப்பு விலைக்கு வாங்க வேண்டும். வடக்கே ஐந்து மாகாணங்களை ஒதுக்கிவிட்டு, தெற்குக் கடற்கரைக்கு வேறு யாரும் குழாய் போடக்கூடாது என்றும் எழுதிக்கொண்டார். உரிமையே இல்லாத பகுதியின் எண்ணெய்க்கும் வழியடைக்கும் இந்தப் பிரிவு எந்தக் குத்தகைச் சீட்டில் வரும்?

கொடுக்கும் தொகையும் குத்தகை மாதிரி இல்லை. குத்தகை என்றால் நிர்ணயித்த அளவு. விளைந்ததில் பங்கு என்றால் அது வாரம். டார்சி கொடுக்க ஒப்புக்கொண்டது ரொக்கமாக 20,000 பவுன், பங்குகளாக 20,000 பவுன், ஆண்டு நிகர லாபத்தில் 16 சதவீதம். வாரத்தில் களத்துமேட்டில் நெல்லைக் கண்ணால் பார்க்கலாம். நிகர லாபத்தை லண்டனில் ஆங்கிலோ-பெர்சியன் கம்பெனியின் கணக்கர் சொன்னால்தான் உண்டு. துணைக் கம்பெனிகளின் லாபம் சேருமா சேராதா என்ற சண்டை இதில்தான் முளைத்தது. 1930இல் சுமார் 12.9 லட்சம் பவுனாக இருந்த ஈரானின் வரவு 1931இல் சுமார் 3 லட்சமாக விழுந்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் ஈரான் மன்னர் ரெசா ஷா ஆவணத்தையே ரத்து செய்தார். அதனால்தான் 1933இன் புதிய ஆவணத்தில் டன்னுக்கு 4 ஷில்லிங், எப்படியும் ஆண்டுக்கு 7,50,000 பவுனுக்குக் குறையாது என்று வந்தது.

இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் பெட்ரோலிய விதிகள் தேடுவதற்கு உரிமம், எடுப்பதற்குக் குத்தகை என்று பிரித்தன. அங்கே குத்தகை சரியான சட்டச்சொல். அதைக் கொண்டுபோய் 1901இன் மேல் ஒட்டினால் இரண்டு வேறு ஏற்பாடுகள் ஒன்றாகத் தெரியும்.

‘உரிமம்’? ஓட்டுநர் உரிமம் போல, கொடுத்த அலுவலகமே ரத்து செய்யக்கூடியது அது. ரெசா ஷா ரத்து செய்ததும் பிரிட்டன், ஐ.நா.வுக்கு முன்னிருந்த நாடுகளின் சங்கத்துக்கு (லீக் ஆஃப் நேஷன்ஸ்) ஓடியது. பிறகு வந்த ஆவணத்தின் 21ஆம் பிரிவு, அரசு இதை ரத்து செய்யவோ சட்டம் போட்டு மாற்றவோ முடியாது என்றது. 1951இல் ஈரான் எண்ணெயை நாட்டுடைமையாக்கியபோது வழக்கு ஹேக்கிலுள்ள சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. இது ஓர் அரசுக்கும் அந்நியக் கம்பெனிக்கும் இடையிலான ஒப்பந்தம், நாடுகளுக்கிடையிலான உடன்படிக்கை அல்ல, தனக்கு அதிகாரமில்லை என்று அது 1952இல் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பைத் தமிழில் எழுத உரிமை, ஒப்பந்தம் இரண்டு சொல்லும் வேண்டும்.

ஆகவே என் பரிந்துரை: உரிமைக்கு எண்ணெய் எடுப்புரிமை, தாளுக்கு எடுப்புரிமை ஒப்பந்தம், வாங்கியவருக்கு எடுப்புரிமையாளர், நிலப்பரப்புக்கு எடுப்புரிமைப் பரப்பு. ‘அகழ்வுரிமை’ என்று தூய தமிழ் தேடுகிறவர்கள் எண்ணெயை யாரும் மண்வெட்டியால் அகழ்வதில்லை என்பதை நினைத்துக்கொள்ளலாம். ராயல்டி ராயல்டியாகவே இருக்கட்டும், எல்லோருக்கும் புரிகிறது. ஆனால் ‘டெட் ரென்ட்’டை ‘இறந்த வாடகை’ என்று மொழிபெயர்த்தவரை மட்டும் மன்னிக்க முடியாது. எண்ணெய் வந்தாலும் வராவிட்டாலும் கட்டியாக வேண்டிய தொகை அது. கட்டாய வாடகை என்றால் முடிந்தது.