ரேடியேட்டரில் போர் தண்ணீர்: எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது?

"நம்ம ஊர்ல என்ன சார் பனியா கொட்டுது? கூலன்ட் எதுக்கு, தண்ணியே போதும்." வியாசர்பாடியிலிருந்து எண்ணூர் வரை பல ஒர்க்‌ஷாப்புகளில் சர்வசாதாரணமாகக் கேட்கும் பேச்சு. இதில் பாதி சரிதான்.

கூலன்ட் என்பது எஞ்சினின் சூட்டை ரேடியேட்டருக்குச் சுமந்துபோகும், குளிரில் எளிதில் உறையாத திரவம். அந்த உறைவு சென்னையில் பிரச்சினையே இல்லை. மார்கழி விடியலில்கூட வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஊட்டிக் குளிரில் ராத்திரி வண்டியை வெளியே நிறுத்துகிறவர்தான் அதைப் பற்றி யோசிக்க வேண்டும். சூட்டைச் சுமப்பதிலும் தண்ணீர்தான் கெட்டி. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்ற 4.2 கிலோஜூல் வேண்டும். கூலன்டின் மூலப்பொருளான எத்திலீன் கிளைகாலும் தண்ணீரும் சரிபாதி கலந்த கலவைக்குச் சுமார் 3.5 போதும். ஆகவே அதே அளவு ஓட்டத்தில் தண்ணீர் கூடுதல் சூட்டை அள்ளிக்கொண்டு போகும். சிந்தினால் கிளைகால் தரையை வழுக்கலாக்கும் என்பதால் பல ரேஸ் டிராக்குகளில் அதற்குத் தடை உண்டு. அங்கே ஓடும் எஞ்சின்கள் தண்ணீரிலேயே சமாளிக்கின்றன.

கொதிநிலையில் கிளைகால் கொஞ்சம் கைகொடுக்கும். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், சரிபாதிக் கலவை சுமார் 108-ல். ஆனால் இதைவிடப் பெரிய வேலையைச் செய்வது ரேடியேட்டர் மூடி. மேலே 1.1 என்று பொறித்த மூடி, உள்ளே அத்தனை பார் கூடுதல் அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது (ஒரு பார் என்பது ஏறக்குறைய வெளிக்காற்றின் அழுத்தம்). அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 120 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் வெடித்துப்போய் அழுத்தம் நிற்காவிட்டால் மறுபடி 100 டிகிரிதான். பல கார்களில் ஃபேன் ஓடத் தொடங்குவதே 95 முதல் 100 டிகிரிக்குள். ஃபேன் சுற்ற ஆரம்பிக்கும்போதே தண்ணீர் கொதிக்கத் தயாராக இருக்கும். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவே ஏசி போட்டபடி மாட்டிக்கொள்ளும் கார் ஆவி கக்குவதற்குப் பல நேரம் இதுதான் காரணம். சில நூறு ரூபாய் மூடியை மாற்றாமல் ரேடியேட்டரையே மாற்றியவர்கள் உண்டு.

உண்மையான சேதம் கொதிப்பில் வருவதில்லை, தண்ணீரோடு உள்ளே வரும் உப்பில் வருகிறது. வடசென்னை நிலத்தடி நீரைப் பற்றி இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மீஞ்சூர்ப் பக்கம் அளவுக்கு மீறி உறிஞ்சியதில் கடல்நீர் நிலத்தடிக்குள் புகுந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. கடலோர வீடுகளின் போர் தண்ணீரில் குளோரைடும் சுண்ணாம்பும் சேர்ந்தே வரும். குழாய் வாயில் படியும் வெள்ளைப் பொருக்கே சாட்சி.

அந்தத் தண்ணீர் சூடானால் அதில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் உடைந்து, கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, கால்சியம் கார்பனேட் கல்லாகப் படிகிறது. எங்கே சூடு அதிகமோ அங்கேதான் முதலில் படியும்: சிலிண்டரைச் சுற்றி, எக்ஸாஸ்ட் வால்வுகளை ஒட்டி, சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டுக்குள் ஓடும் தண்ணீர்ப் பாதைகளில். அதாவது குளிர்ச்சி அதிகம் தேவைப்படும் இடத்திலேயே. சூட்டைக் கடத்துவதில் வார்ப்பிரும்பின் திறனில் ஏறக்குறைய 20-ல் ஒரு பங்குதான் இந்தப் படிவுக்கு. ஒரு மில்லிமீட்டர் படிந்தால் அந்த இடத்தில் இரண்டு சென்டிமீட்டர் இரும்பைக் கூடுதலாக வைத்த கணக்கு.

ஒரு தடவை நிரப்பியதோடு விட்டால் பெரிய நஷ்டம் இல்லை. குடிநீருக்கான இந்தியத் தர அளவு ஐ.எஸ். 10500, வேறு நீர் கிடைக்காத நிலையில் லிட்டருக்கு 600 மில்லிகிராம் வரை கடினத்தன்மையை அனுமதிக்கிறது. அப்படிப்பட்ட நீரில் ஐந்து லிட்டர் என்றால் 3 கிராம் சுண்ணாம்பு, அவ்வளவுதான். ஆனால் ஒழுகும் வண்டியில் தினமும் காலையில் அரை லிட்டர் ஊற்றுகிறவர் வருஷத்துக்கு நூறு கிராமுக்கு மேல் உள்ளே அனுப்புகிறார். நீர் ஒழுகியோ ஆவியாகியோ போகும், படிந்த சுண்ணாம்பு போகாது. அதில் பாதி படிந்தாலே, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளி மட்டுமே உள்ள ரேடியேட்டரின் தட்டைக் குழாய்கள் அடைபடும். இதோடு ஒவ்வொரு அரை லிட்டரும் புது ஆக்சிஜனையும் கொண்டுவருகிறது. மூடிய சுற்றில் துரு பிடித்துத் தீர்ந்துபோயிருக்க வேண்டிய ஆக்சிஜனைத் தினமும் புதுப்பித்துக் கொடுக்கிறோம்.

குளோரைடின் வேலை வேறு. அலுமினியத்தின் மேல் இயற்கையாகவே ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் இருக்கும். குளோரைடு அதை ஒரு புள்ளியில் துளைத்து அங்கேயே ஆழமாகத் தோண்டும். சிலிண்டர்கள் அமைந்த வார்ப்பிரும்பு பிளாக்கும் அலுமினிய ஹெட்டும் சேர்ந்த எஞ்சினில் உப்புத் தண்ணீர் மின்கடத்தியாகி, இரண்டுக்கும் நடுவே ஒரு பேட்டரியையே உண்டாக்கிவிடும். அதில் அரிபடுவது அலுமினியம். ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால், இரண்டுக்கும் நடுவே கசிவை அடைக்கும் கேஸ்கெட் தகடு உட்காரும் முகத்தில், தண்ணீர் ஓட்டைகளின் ஓரம் குழிகுழியாகத் தின்றிருக்கும், மேலே வெள்ளைப் பொடி ஒட்டியிருக்கும். எத்தனை புது கேஸ்கெட் போட்டாலும் அந்தக் குழி வழியாகக் கசியும்.

கூலன்ட் பாட்டிலில் கிளைகாலோடு சிறிதளவே சேர்த்திருக்கும் அரிப்புத் தடுப்பான்கள்தான் இதைத் தடுக்கின்றன. சென்னைக்காரர் காசு கொடுப்பது உண்மையில் அவற்றுக்கே. கனரக டீசல் லாரிகளில் இது இன்னும் முக்கியம்: சிலிண்டரின் உள் உருளையான லைனரின் அதிர்வில் உண்டாகும் ஆவிக்குமிழிகள் உடைந்து உடைந்து, லைனரின் வெளிச்சுவரில் ஊசித்துளையே போட்டுவிடும். ஆயிலில் தண்ணீர் கலந்த பிறகுதான் விஷயம் தெரியவரும்.

சூடு ஏறுகிறதென்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசுவது இங்கே இன்னொரு பழக்கம். 82 அல்லது 88 டிகிரியில் திறக்க வேண்டிய வால்வு இல்லாவிட்டால் எஞ்சின் தன் வெப்பத்துக்கு வர நேரம் பிடிக்கும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்தான் பைபாஸ் பாதையையும் மூடுகிறது. அதை எடுத்துவிட்டால் தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றி வந்து, முன்பைவிடச் சூடாகும். ஒழுகலுக்கு மஞ்சள்தூள் போடும் வைத்தியமும் இந்த ரகம்தான். ஓட்டையை அடைக்குமோ என்னவோ, ஹீட்டர் குழாயை அடைத்துவிடும்.

நடுவழியில் வெப்பம் காட்டும் முள் மேலேறினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஓரங்கட்டுங்கள். ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். ஏறிய முள் திடீரென்று விழுந்தால் நிம்மதிப்படாதீர்கள். தண்ணீர் வற்றி, சென்சார் வெறும் காற்றில் நின்றாலும் முள் இறங்கும். ஆவி வந்தால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள். மேல் ஹோஸைக் கையால் அமுக்க முடிகிற அளவு ஆறும்வரை மூடியைத் தொடக் கூடாது. முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். ஆறிய பிறகு கேன் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றலாம். ஐந்து லிட்டர் சுற்றில் ஒரு லிட்டர் தண்ணீர் சேர்ந்தால் 50 சதவீதக் கலவை 40 ஆகும், பரவாயில்லை. இரண்டு லிட்டர் என்றால் 30. அதற்குக் கீழே தடுப்பான்களின் பலம் போய்விடும், சீக்கிரமே மாற்ற வேண்டும்.

தண்ணீரிலிருந்து கூலன்டுக்குத் திரும்புவதில் பலர் சறுக்குவது அளவில். ரேடியேட்டர் அடித் திருகைத் திறந்து வடித்தாலும் பிளாக்கிலும் ஹீட்டரிலும் ஒன்றரை லிட்டர்வரை தங்கிவிடும். அதன்மேல் ரெடிமேட் 50 சதவீதக் கலவையை மூன்றரை லிட்டர் ஊற்றினால் கிடைப்பது 35 சதவீதம்தான். அதனால் தண்ணீர் கலக்காத கான்சென்ட்ரேட் பாட்டிலாக வாங்குங்கள். ஹீட்டரைச் சூட்டில் வைத்து, பேட்டரி வாட்டர் என்று கடையில் விற்கும் உப்பு நீக்கிய நீரை ஊற்றி, தெர்மோஸ்டாட் திறக்கும்வரை ஓட்டி, ஆறவிட்டு வடியுங்கள். நிறம் தெளியும்வரை இதையே திரும்பச் செய்யுங்கள். அதே கடையில் பேட்டரி ஆசிடும் அதே மாதிரி கேனில் இருக்கும், லேபிளைப் படித்து வாங்குங்கள். பிறகு ஐந்து லிட்டர் சுற்றுக்கு முதலில் இரண்டரை லிட்டர் கான்சென்ட்ரேட், மீதிக்கு உப்பு நீக்கிய நீர். காற்று வெளியேற மேல் ஹோஸைப் பிசைந்து விடுங்கள், பிளீட் திருகு இருந்தால் திறந்து குமிழி நிற்கும்வரை காத்திருங்கள். பச்சை, சிவப்பு என்று நிறத்தை நம்பிக் கலக்காதீர்கள். நிறம் கம்பெனியின் விருப்பம். ஒத்துப்போகாத இரண்டு வகை சேர்ந்தால் கூழாகத் திரியும். வடித்ததைத் தெருவில் கொட்டாதீர்கள். கிளைகால் இனிக்கும் விஷம், நாய்கள் நக்கிவிடும்.

அடுத்த சில காலைகளில் எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலன்ட் டேங்கில் அளவைப் பாருங்கள். குறைந்தால் காய்ந்த நிறக் கறையைத் தேடுங்கள்: வாட்டர் பம்ப்பின் அடித்துளை, ஹோஸ் கிளிப், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டேங்கும் அலுமினியமும் சேரும் ஓரம். காசிமேடு, திருவொற்றியூர் வண்டிகளில் உப்புக்காற்று பட்டு ரேடியேட்டரின் கீழ் வரிசை ஃபின்கள் (மெல்லிய உலோகத் தகடுகள்) விரல் பட்டாலே உதிரும், அங்கும் பாருங்கள். எங்கும் கறையே இல்லாமல் குறைந்துகொண்டே போனால் ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கள். வெளுத்த பசை ஒட்டியிருந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சோதிக்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.