கடலும் சூழலும் படித்தவர்களுக்கு ஜே.ஆர்.எஃப்.: எந்த வாசல், எவ்வளவு பணம்?

எம்.எஸ்சி. கடல் உயிரியலோ சுற்றுச்சூழல் அறிவியலோ முடித்த தம்பி தங்கைகள் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணா, ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் மாதம் எவ்வளவு வரும்?" என்பதுதான். ஜே.ஆர்.எஃப். என்றால் ஜூனியர் ரிசர்ச் ஃபெலோஷிப், அதாவது இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை. எந்த ஜே.ஆர்.எஃப். என்று திருப்பிக் கேட்டால் விழிப்பார்கள். அவர்கள்மீது தப்பில்லை. ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு சமாச்சாரங்கள் நாட்டில் உலவுகின்றன.

முதலாவது, நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதி வாங்கும் ஜே.ஆர்.எஃப். இது உங்கள் பெயருக்கு வரும் உதவித்தொகை. எந்தப் பல்கலைக்கழகத்தில், எந்த நெறியாளரிடம், எந்தத் தலைப்பில் பிஎச்.டி. செய்வது என்பது உங்கள் விருப்பம். பணம் உங்கள் பின்னாலேயே வரும்.

இரண்டாவது, ஒரு பேராசிரியருக்கு ஏதோ ஒரு மத்திய அரசுத் துறை கொடுத்த ஆய்வுத் திட்டத்தில் வேலைக்குச் சேரும் 'ப்ராஜெக்ட் ஜே.ஆர்.எஃப்.' சம்பளம் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் பணம் அந்தத் திட்டத்துடையது. பெரும்பாலும் மூன்று ஆண்டில் திட்டம் முடியும், அதோடு சம்பளமும் முடியும். உங்கள் பிஎச்.டி. பாதியில் நின்றால் அது திட்டத்தின் கவலை ஆகாது.

மூன்றாவதுதான் மீன்வளம் படித்தவர்களைக் குழப்புவது. வேளாண் ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.ஏ.ஆர். பக்கம் ஜே.ஆர்.எஃப். என்று காலங்காலமாகச் சொல்லி வந்தது முதுகலை படிப்பதற்கான உதவித்தொகையை. எம்.எஃப்.எஸ்சி. என்ற மீன்வள முதுகலையில் சேரும்போது கிடைப்பது அது. அங்கே பிஎச்.டி.க்கு வருவதை எஸ்.ஆர்.எஃப்., அதாவது முதுநிலை ஆய்வாளர் உதவித்தொகை, என்று சொல்லி வந்தார்கள். ஆக, நாகப்பட்டினத்தில் மீன்வளம் படிக்கும் பிள்ளையும் பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படிக்கும் பிள்ளையும் "எனக்கு ஜே.ஆர்.எஃப். வந்துவிட்டது" என்று சொன்னால் இரண்டும் ஒன்றல்ல.

இந்தக் கட்டுரை முதலாவதைப் பற்றியது. ஐந்து வருடம் யாரையும் அண்டாமல் வேலை பார்க்க வழிசெய்வது அது ஒன்றுதான் என்பது என் அபிப்பிராயம்.

எந்தத் தாளை எழுதுவது?

நெட் தேர்வு இரண்டு உண்டு. இரண்டையும் தேசியத் தேர்வு முகமை நடத்துகிறது, ஆண்டுக்கு இரண்டு முறை. ஒன்று, அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகமும் (சி.எஸ்.ஐ.ஆர்.) பல்கலைக்கழக மானியக் குழுவும் (யு.ஜி.சி.) சேர்ந்து வழங்கும் சி.எஸ்.ஐ.ஆர்.–யு.ஜி.சி. நெட். இதில் ஐந்தே பாடங்கள்: வேதியியல், உயிர் அறிவியல், கணிதம், இயற்பியல், அப்புறம் 'புவி, வளிமண்டலம், கடல், கோள் அறிவியல்' என்று நீளமாக ஒன்று. இன்னொன்று யு.ஜி.சி. நெட். கலைப்பாடங்களுக்கானது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கும் இந்தத் தேர்வில்தான் சுற்றுச்சூழல் அறிவியலும் ஒரு பாடமாக இருக்கிறது.

கடல் உயிரியல் படித்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு உயிர் அறிவியல் தாளுக்கு விண்ணப்பிப்பதைப் பார்க்கிறேன். அந்தத் தாளில் சூழலியல் இருக்கிறது, விலங்கு வகைப்பாடு இருக்கிறது. ஆனால் மூலக்கூறு உயிரியலும் மரபியலும் செல் உயிரியலும் கனமாக உட்கார்ந்திருக்கும். போட்டிக்கு வருகிறவர்கள் உயிரித் தொழில்நுட்பத்தில் ஊறியவர்கள். பிளாங்டன் என்ற மிதவை உயிரிகளை எண்ணியே இரண்டு வருடம் போக்கியவருக்கு அது சொந்த மைதானம் இல்லை. புவி–கடல் தாளில் கடலியல் தனிப் பகுதியாகவே வருகிறது. நீரோட்டம், உப்புத்தன்மை, ஊட்டச்சத்துச் சுழற்சி, கடலின் உயிர் உற்பத்தி எல்லாம் அதற்குள் அடங்கும். கணக்கும் இயற்பியலும் கொஞ்சம் கைவர வேண்டும், அவ்வளவுதான். நீர் மாசு, கழிவு மேலாண்மை, சூழல் சட்டம் என்று படித்தவர்களுக்கு யு.ஜி.சி.யின் சுற்றுச்சூழல் தாள் நேரான வழி.

தேர்வின் சுபாவமும் வேறு வேறு. யு.ஜி.சி. நெட்டில் இரண்டு தாள், 150 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். எனவே ஒரு கேள்வியையும் விட்டுவைக்கக் கூடாது. சி.எஸ்.ஐ.ஆர். தேர்வு 200 மதிப்பெண்ணுக்கு, ஏ, பி, சி என்று மூன்று பகுதிகள். கேட்கும் கேள்விகளில் சிலவற்றுக்கு விடையளித்தால் போதும், தவறினால் கழிப்பார்கள். புவி–கடல் தாளின் சி பகுதியில் கழிப்பு 33 சதவீதம், உயிர் அறிவியலில் 25. அங்கே குருட்டாம்போக்கில் குறி போடுகிறவர் கெட்டார்.

தாளைத் தீர்மானிக்கும் முன் ஒரு போன் போடுங்கள். நீங்கள் சேர நினைக்கும் துறை, அந்தப் பாடத்தின் ஜே.ஆர்.எஃப்.பை ஏற்றுப் பதிவு செய்யுமா என்று கேளுங்கள். சுற்றுச்சூழலில் தேறிவிட்டு விலங்கியல் துறையில் பதிவு செய்யப் போய் மாதக்கணக்கில் கடிதப் போக்குவரத்து நடத்தியவர்களை எனக்குத் தெரியும்.

தகுதி

முதுகலையில் 55 சதவீதம். எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி., மாற்றுத்திறனாளி, மூன்றாம் பாலினத்தவருக்கு 50. நான்காண்டு இளங்கலை படித்து 75 சதவீதம் எடுத்தவர்களும் இப்போது யு.ஜி.சி. நெட் எழுதலாம். அந்தத் தேர்வில் ஜே.ஆர்.எஃப்.க்கு வயது வரம்பு 30. மேலே சொன்ன பிரிவினருக்கும் பெண்களுக்கும் 5 ஆண்டு தளர்வு உண்டு. உதவிப் பேராசிரியர் தகுதிக்கு மட்டும் எழுதினால் வயது வரம்பே இல்லை.

ஓ.பி.சி. விஷயத்தில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. கையில் இருக்கும் பி.சி. அல்லது எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் இங்கே செல்லாது. உங்கள் சமூகம் மத்திய அரசின் பட்டியலில் இருக்க வேண்டும். மத்திய அரசு படிவத்தில், 'கிரீமி லேயரில் இல்லை' என்று தாசில்தார் அலுவலகத்திலிருந்து தனிச் சான்றிதழ் வாங்க வேண்டும். விண்ணப்பத் தேதி அறிவித்த பிறகு இ–சேவை மையத்துக்கு ஓடினால் நேரம் போதாது.

2024 ஜூன் தேர்விலிருந்து யு.ஜி.சி. நெட் முடிவு மூன்று படிகளாக வருகிறது. முதல் படியில் வந்தவருக்கு ஜே.ஆர்.எஃப்., உதவிப் பேராசிரியர் தகுதி, பிஎச்.டி. சேர்க்கை மூன்றும் உண்டு. இரண்டாம் படிக்கு உதவித்தொகை மட்டும் கிடையாது. மூன்றாம் படி பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும். பின்னிரண்டு படியினரின் மதிப்பெண், பிஎச்.டி. சேர்க்கைக்கு ஓராண்டு செல்லும். தேர்வு மதிப்பெண்ணுக்கு 70 சதவீதமும் நேர்காணலுக்கு 30 சதவீதமும் எடை போடுவார்கள். ஜே.ஆர்.எஃப். வாங்கியவருக்கு நேர்காணல் மட்டும்தான். (அந்த 2024 ஜூன் தேர்வே நடந்த மறுநாள் ரத்தானது, ஆகஸ்ட்–செப்டம்பரில் மறுபடி நடந்தது. அந்தக் கோடையில் படித்தவர்களின் வயிற்றெரிச்சலைக் கேட்டால் தனிக் கட்டுரையே எழுதலாம்.)

பணக் கணக்கு

2023 ஜனவரி 1 முதல் ஜே.ஆர்.எஃப்.க்கு மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டு முடிந்து எஸ்.ஆர்.எஃப். ஆனால் 42,000. அதற்கு முன் இவை 31,000, 35,000 என்று இருந்தன. இரண்டும் சேர்த்து அதிகபட்சம் ஐந்து ஆண்டு.

இதன்மேல் வீட்டு வாடகைப் படி, மத்திய அரசு விதிப்படி. சென்னை போன்ற எக்ஸ் நகரத்துக்கு 30 சதவீதம், கோவை, மதுரை, திருச்சி, சேலம் போன்ற ஒய் நகரங்களுக்கு 20, மற்ற ஊர்களுக்கு 10. கடல் ஆராய்ச்சிக்காரருக்கு இதில் ஒரு சின்ன ஓரவஞ்சனை உண்டு. கடல் இருக்கும் இடத்தில்தானே கடல் ஆய்வகம் இருக்கும்? பரங்கிப்பேட்டை, மண்டபம், தூத்துக்குடி எல்லாமே பத்து சதவீத ஊர்கள். சென்னையில் இருப்பவருக்கு 11,100 ரூபாய் வரும்போது மண்டபத்தில் இருப்பவருக்கு 3,700. வாடகை அங்கே குறைவு, வாஸ்தவம். ஆனால் ஒரு வேதிப்பொருள் வாங்கக்கூட மதுரை போய்வர வேண்டியிருக்கும் செலவை எந்தப் படியும் கணக்கில் எடுப்பதில்லை. விடுதியில் இடம் எடுத்துக்கொண்டால் வாடகைப் படி கிடையாது. விடுதிக் கட்டணத்தையும் படியையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஆய்வுச் செலவுக்கு என்று தனியாகக் கொஞ்சம் உண்டு. அலுவலக மொழியில் 'கன்டின்ஜென்சி'. யு.ஜி.சி.யில் அறிவியல் பாடங்களுக்கு முதல் இரண்டு ஆண்டு 12,000, பிறகு 25,000. சி.எஸ்.ஐ.ஆரில் ஆண்டுக்கு 20,000. படகு வாடகைக்கு இதை நம்பிக் கடலில் இறங்க முடியாது. இரண்டு மூன்று முறை விசைப்படகு எடுத்தாலே தீர்ந்துவிடும். அதனால்தான் நெட் ஜே.ஆர்.எஃப். கையில் இருந்தாலும், ஏற்கெனவே கடலுக்குப் போகும் திட்டம் ஒன்று வைத்திருக்கும் நெறியாளரைத் தேடுங்கள் என்கிறேன். உங்கள் சாப்பாட்டை நீங்கள் கொண்டுபோகிறீர்கள், படகு அவருடையதாக இருக்கட்டும். சம்பளம் கொடுக்க வேண்டியிராத மாணவரை வேண்டாம் என்று சொல்லும் நெறியாளர் அபூர்வம்.

யு.ஜி.சி. பணம் நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். ஆனால் தானாக வராது. மாதாமாதம் உங்கள் நிறுவனத்தில் 'மேக்கர்' என்று ஒருவர் நீங்கள் வேலையில் இருப்பதை இணையத்தில் பதிவு செய்ய வேண்டும், 'செக்கர்' என்று இன்னொருவர் அதை உறுதி செய்ய வேண்டும். இந்த இரண்டு பேரில் ஒருவர் விடுப்பில் போனால் அந்த மாதம் உங்களுக்குப் பட்டினி. நான் அறிந்த ஒரு கல்லூரியில் செக்கர் ஓய்வுபெற்றுப் போய், புதியவர் பெயரை மாற்றாமலே நாலு மாதம் ஓடியது. முதல் நாளே அந்த இருவர் யார், எந்த மாடியில் உட்காருகிறார்கள் என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

எஸ்.ஆர்.எஃப். உயர்வும் தானாக நடக்காது. நெறியாளர், துறைத் தலைவர், வெளியிலிருந்து ஒரு நிபுணர் என்று மூவர் குழு உட்கார்ந்து உங்கள் வேலையைப் பார்க்க வேண்டும். குழு கூடத் தாமதமானால் மாதம் 5,000 நின்றுகொண்டிருக்கும்.

எப்போது சேருவது?

இதைச் சக ஆய்வாளர்கள்கூட யோசிப்பதில்லை. ஆய்வகத்துக்குள் வேலை செய்கிறவருக்கு ஜனவரியும் ஆகஸ்டும் ஒன்று. நீரில் வேலை செய்கிறவருக்கு அப்படி இல்லை. நம் கிழக்குக் கரையில் எந்தக் கழிமுகத்தையும் வடகிழக்குப் பருவமழை இல்லாமல் ஆராய முடியாது. அது அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஜனவரியில் சேர்ந்தால் முதல் மழைக்கு ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டும். இரண்டாவது மழை முடிந்த கையோடு மூவர் குழு வந்து நிற்கும், மாதிரிகள் இன்னும் புட்டியிலேயே இருக்கும். ஜூலை, ஆகஸ்டில் சேர்ந்தால் இரண்டு மழைக்கால மாதிரிகளையும் அலசி முடித்துக் கையில் வைத்துக்கொண்டு குழுமுன் போகலாம்.

விசைப்படகுகள் கொண்டுவரும் மீனை நம்பிய ஆய்வு என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். துறைமுகமே வெறிச்சோடியிருக்கும். அந்த இரண்டு மாதத்தை எழுதுவதற்கு ஒதுக்குங்கள்.

அனுமதி இன்னொரு சங்கடம். மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் காலை வைக்க வேண்டுமென்றால் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். கடல் அட்டை, கடல் குதிரை, பவளம் எல்லாம் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. செத்து ஒதுங்கியதையும் அனுமதியில்லாமல் எடுத்து வரக்கூடாது. கோப்பு நகர மாதங்கள் ஆகும், உங்கள் ஐந்தாண்டுக் கடிகாரமோ சேர்ந்த நாளிலிருந்து ஓடிக்கொண்டே இருக்கும். சேருவதற்கு முன்பே நெறியாளர் பெயரில் விண்ணப்பத்தைப் போட்டுவிடச் சொல்லுங்கள். அவரிடம் ஏற்கெனவே அனுமதி இருந்தால் உங்கள் பெயரை அதில் சேர்க்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

பெண்களுக்கு: பிஎச்.டி. காலம் முழுவதிலுமாக 240 நாள்வரை மகப்பேறு, குழந்தை வளர்ப்பு விடுப்பு எடுக்கலாம் என்று யு.ஜி.சி.யின் 2022 விதிமுறை சொல்கிறது. ஆய்வேட்டை முடிக்கும் கால வரம்பிலும் கூடுதலாக இரண்டு ஆண்டு சலுகை உண்டு. கேட்டால்தான் சொல்வார்கள்.

நெட் தட்டிப்போனால்

பல்கலைக்கழகத்தில் முதுகலையில் முதலிடம் பிடித்தவருக்கு மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் உதவித்தொகை இருக்கிறது. நெட் வேண்டாம், தொகை அதே அளவுதான். எஸ்.சி. பிரிவினருக்கு ஆண்டுக்கு 2,000 இடங்கள் கொண்ட தேசிய உதவித்தொகை இருக்கிறது. ஜே.ஆர்.எஃப். கோட்டைத் தொடாதவர்களும் நெட் மதிப்பெண்ணை வைத்து அதில் வரலாம். எஸ்.டி. பிரிவினருக்கு 750 இடங்கள், அதற்கு நெட் தேவையில்லை. தமிழக அரசின் ஆதிதிராவிடர் நலத் துறை, முழுநேர ஆய்வாளர்களுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் தருகிறது. பல பேராசிரியர்களுக்கே இது தெரியாது.

இல்லையென்றால் திட்டப்பணி. ப்ராஜெக்ட் அசோசியேட்–1 பதவிக்கு நெட் அல்லது கேட் (GATE) என்ற தேசியத் தேர்வில் தேறியவருக்கு 37,000, தேறாதவருக்கு 30,000, இரண்டுக்கும் வாடகைப் படி தனி. கேட் தேர்வில் 'சூழலியல், பரிணாமம்' என்று ஒரு தாளும், 2021 முதல் 'சுற்றுச்சூழல் அறிவியல், பொறியியல்' என்று ஒரு தாளும் இருக்கின்றன. மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும். சென்னையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனமும், உவர்நீர் மீன் வளர்ப்புக்கான மத்திய நிறுவனமும் இப்படி ஆள் எடுக்கும்போது அவரவர் இணையதளத்தில் அறிவிப்பு போடுவார்கள். கடைசித் தேதிக்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரம்தான் இருக்கும். வாரம் ஒருமுறை எட்டிப் பாருங்கள். சேர்ந்தால், அடுத்த நெட்டுக்கு ஆறு மாதம்கூட இல்லை என்பதை முதல் நாளே நெறியாளரிடம் சொல்லி, தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரம் படகுப் பயணம் எதிலும் உங்கள் பெயர் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.