கல்லா முன் நீளும் வரிசையும் ஆர்கேட் விளையாட்டின் கணக்கும்

இராமேசுவரத்தில் ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் கடை திறந்து வைத்திருப்பவர்கள் எல்லோரும் அனுபவத்தில் கண்ட உண்மை ஒன்று உண்டு. கூட்டம் சிறிது கூடினால் நெரிசலும் சிறிதுதான் கூடும் என்பதில்லை. ஒரு கட்டம் வரை எல்லாம் கைக்குள் இருப்பதுபோலத் தோன்றி, அதன்பின் கால் மணி நேரத்துக்குள் கடை கைமீறிப் போய்விடுகிறது. இது கடைக்காரரின் திறமைக்குறைவால் நேர்வதன்று, கணிதத்தால் நேர்வது. காசு போட்டு ஆடும் பெட்டிகளாக 1970களின் இறுதியிலும் 1980களின் தொடக்கத்திலும் வந்த ஆர்கேட் விளையாட்டுகள், அந்தக் கணிதத்தைக் கண்ணெதிரே ஓடவிட்டுக் காட்டுகின்றன. அங்கும் இருப்பது ஒரு சோடிக் கை, அளவான நேரம், ஓயாத வரத்து.

1983இல் பாலி மிட்வே நிறுவனம் வெளியிட்ட 'டாப்பர்' விளையாட்டில் ஆடுபவர் ஒரு மதுக்கடைப் பணியாளர். திரையில் 4 நீண்ட மேசைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் வாடிக்கையாளர்கள் ஒரு முனையில் நுழைந்து பணியாளரை நோக்கி நகர்ந்துகொண்டே வருவார்கள். நிரப்பிய கோப்பையை மேசைமீது சறுக்கிவிட்டால் அதைப் பெற்றவர் பின்னுக்குத் தள்ளப்படுவார். யாரேனும் கவனிக்கப்படாமல் மேசையின் முடிவை எட்டிவிட்டால் ஒரு 'லைஃப்' (ஆட்ட வாய்ப்பு) போய்விடும். வரத்தின் வேகம் பணியாளரின் வேகத்தை நெருங்க நெருங்க, ஆட்டம் படிப்படியாகக் கடினமாவதற்குப் பதிலாக ஒரேயடியாகச் சரிகிறது.

டென்மார்க்கைச் சேர்ந்த ஏ.கே. எர்லாங், கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தின் அழைப்புகளை முன்வைத்து 1909இல் தொடங்கிவைத்த வரிசைக் கோட்பாடு இந்தச் சரிவை எண்களில் விளக்குகிறது. கல்லாவில் இருப்பவர் மணிக்கு 60 பேருக்குப் பில் போடக்கூடியவர் என்று வைத்துக்கொள்வோம். ஆட்கள் முன்பின்னாக வருகிறார்கள். ஒருவருக்கு அரை நிமிடமும் இன்னொருவருக்கு மூன்று நிமிடமும் ஆகிறது. மணிக்கு 48 பேர் வந்தால் ஒருவர் சராசரியாக 5 நிமிடத்தில் வேலை முடித்து வெளியேறுவார். கல்லா முன் சராசரியாக 4 பேர் இருப்பார்கள். 54 பேர் வந்தால் அது 10 நிமிடமும் 9 பேரும் ஆகிறது. 57 பேர் வந்தால் 20 நிமிடமும் 19 பேரும் ஆகிறது. வரத்து ஐந்தில் ஒரு பங்குகூடக் கூடவில்லை, காத்திருப்போ நான்கு மடங்காகிவிட்டது. காலியாகக் கழிந்த ஒரு நிமிடத்தைப் பின்னால் வரும் நெரிசலுக்கு எடுத்துவைக்க முடியாது என்பதே இதன் அடிப்படை. இரயிலோ சுற்றுலாப் பேருந்தோ வந்து நின்று நாற்பது பேர் ஒன்றாக இறங்கும் ஊரில் நிலைமை இதைவிடக் கடுமையாகவே இருக்கும். ஆகவே கல்லாவில் இருப்பவர் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருப்பதை வீண்சம்பளம் என்று கருதுவது பெரும் பிழை என்பேன். வரிசையைக் கட்டுக்குள் வைத்திருப்பதே அந்த ஓய்வுதான்.

'டாப்பர்' காட்டும் இன்னொரு நுட்பம் கடைக்காரர்கள் மிகவும் கவனிக்க வேண்டியது. குடித்து முடித்த கோப்பைகள் மேசைமீது திரும்பச் சறுக்கி வரும், அவற்றையும் பிடித்தாக வேண்டும். கொடுக்கும் வேலையே திரும்பி வரும் வேலையை உண்டாக்குகிறது. அக்னி தீர்த்தத்தை ஒட்டிய ஒரு கருப்பட்டிக் கடையை நினைத்துப் பாருங்கள். ஈரத்துணியோடு நிற்கும் அம்மா, "அண்ணே, கருப்பட்டி கிலோ என்ன விலை?" என்று கேட்கிறார், "இருங்கம்மா, இந்தா போட்டுத் தர்றேன்" என்று கடைக்காரர் ஓலைக்கொட்டானிலிருந்து வட்டுகளை எடுத்துத் தராசில் வைக்கிறார், எடை நிற்கவில்லை, ஒரு வட்டை உடைத்துத் துண்டு சேர்க்கிறார், அதற்குள் முன்பு வாங்கிப்போனவர் சில்லறை குறைந்ததென்று திரும்பி வருகிறார், இன்னொருவர் கீறல் விழுந்த சங்கை மாற்றித் தரச் சொல்கிறார். கணக்கில் 48 பேர் என்று தோன்றுவது, திரும்பி வந்தவர்களையும் சேர்த்தால் 57 ஆகிவிடும். கூட்டம் வருமுன் அரைக் கிலோ, ஒரு கிலோப் பொட்டலங்களைக் கட்டி விலை எழுதி வைத்துவிட்டால், கூடுதலாக ஓர் ஆளைச் சேர்க்காமலேயே வரிசை பாதிக்குமேல் குறையக்கூடும்.

ஒரே ஆள் ஒரே நேரத்தில் ஐந்து பேரைக் கவனிக்க முயல்வது எதில் முடியும் என்பதை விளக்க, 1978இல் டைட்டோ நிறுவனத்துக்காகத் தொமொஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' போல வேறொன்று எனக்குத் தெரியவில்லை. ஆடுபவர் சுட்டு வீழ்த்த வேண்டிய வேற்றுக்கோள் உருவங்கள் 55 அணிவகுத்து வருகின்றன. உள்ளே இருக்கும் இன்டெல் 8080 சில்லு, வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் திரையில் ஒவ்வொரு முறையும் ஓர் உருவத்தை மட்டுமே நகர்த்தும். 55 உருவங்களும் ஓர் அடி நகர ஏறக்குறைய ஒரு வினாடி ஆகும். 10 மிஞ்சினால் ஆறில் ஒரு வினாடி போதும். ஆடுபவர் சுடச் சுட அணி வேகம் பிடிப்பது இதனால்தான்; தற்செயலாகக் கிடைத்த அந்த விளைவை நிஷிகாடோ அப்படியே வைத்துக்கொண்டார்.

கடையில் இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஐந்து பேருக்குத் தலா 2 நிமிட வேலை. ஒருவரை முடித்து அடுத்தவரை எடுத்தால் 2, 4, 6, 8, 10ஆம் நிமிடங்களில் ஐவரும் கிளம்புவார்கள், சராசரி 6 நிமிடம். எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தால் ஐவருமே பத்தாவது நிமிடத்தை ஒட்டித்தான் கிளம்ப முடியும். மொத்த உழைப்பு ஒன்றே, காத்திருப்புதான் மிகுகிறது. பேருந்துக் குழுவுக்காக இருபது பொட்டலம் கேட்பவர் வந்தால் மட்டும் முறையை மாற்ற வேண்டும்: பட்டியலை வாங்கி ஓரம் வைத்துவிட்டுச் சிறு வாங்கல்களை முதலில் முடித்து அனுப்பினால் சராசரி குறையும்.

கல்லாவைவிடக் கொள்முதலில்தான் கடைகள் அதிகம் இழக்கின்றன. 1980இல் நாம்கோ நிறுவனத்தின் தோரு இவதானி வடிவமைத்த 'பேக்-மேன்' விளையாட்டில், ஆடுபவர் நகர்த்தும் பேக்-மேன் என்ற உருவத்தைத் துரத்தும் பேய்கள் இங்கே உதவும். துரத்தும் வேளையில் சிவப்புப் பேயான பிளிங்கி, பேக்-மேன் இப்போது நிற்கும் கட்டத்தையே குறிவைக்கும். இளஞ்சிவப்புப் பேயான பிங்கி, அவன் பார்க்கும் திசையில் 4 கட்டம் முன்னால் குறிவைக்கும். நாளொன்றுக்கு 20 கிலோ கருப்பட்டி விற்கிறது, சாயல்குடிப் பக்கம் சொல்லிவிட்டால் 4 நாளில் சரக்கு வரும் என்று கொள்வோம். இருப்பு 20 கிலோவுக்கு இறங்கியபின் சொல்லிவிடுபவர் பிளிங்கியைப் போன்றவர். அவர் கடையில் 3 நாள் கருப்பட்டி இருக்காது. 80 கிலோ இருக்கும்போதே சொல்லிவிடுபவருக்கு அந்தக் குறை வராது.

எனினும் பிங்கியையும் ஏமாற்றலாம். தேர்ந்த ஆட்டக்காரர் சட்டென்று பிங்கியை நோக்கியே திரும்பினால், குறி அதன் முதுகுக்குப் பின்னால் போய்விழ, பேய் விலகிச் சென்றுவிடும். அமாவாசை நெருங்க நெருங்க விற்பனை ஏறுகிறதென்று அதே போக்கில் சரக்கு எடுத்தவர், மறுநாள் நிலைமை தலைகீழாவதைக் காண்பார். பாம்பனிலும் மண்டபத்திலும் வலை, கயிறு விற்கும் கடைகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் இப்படிப்பட்ட திருப்பம்: விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது ஒரு வகைச் சரக்கும், தடை முடியும் தறுவாயில் வேறொரு வகையும் தேவைப்படும். தேதி முன்கூட்டியே தெரிந்த திருப்பத்தை நேற்றைய விற்பனையிலிருந்து ஊகிக்க முனைவது தேவையற்றது. பிங்கியின் நிரலில் ஒரு பிழையும் உண்டு. பேக்-மேன் மேல்நோக்கிப் பார்க்கும்போது மட்டும் குறி 4 கட்டம் இடப்புறமும் விலகிவிடும். கடைக் கணக்கிலும் ஆண்டுச் சராசரி சரியாகத் தெரிய, ஆடி அமாவாசையில் மட்டும் ஆண்டுதோறும் தட்டுப்பாடு வரலாம். பேரேட்டில் தேதியோடு திதியையும் எழுதி, அந்தந்த நாளை அந்தந்த நாளோடு ஒப்பிட்டால்தான் அது வெளிப்படும்.

இவற்றுக்கு மேல், எதிர்பாராத விற்பனைக்கென எவ்வளவு மிகையிருப்பு வைப்பது என்பது, சராசரி விற்பனையைவிட அதன் ஏற்ற இறக்கத்தையே பொறுத்தது. நாளுக்கு நாள் ஏற்ற இறக்கம் தொடர்பின்றி நிகழ்ந்தால், மிகையிருப்பு, சரக்கு வந்துசேர ஆகும் நாட்களின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப வளரும். 9 நாளில் வந்த சரக்கு 4 நாளில் வந்தால் மூன்றில் ஒரு பங்கு மிகையிருப்பைக் குறைத்துக்கொள்ளலாம். சங்குக்கு இந்தக் குறைப்பு முதலீட்டை மட்டுமே மிச்சப்படுத்தும், ஏனெனில் அது கெடாது. கருப்பட்டியோ ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கசியத் தொடங்கும். ஆதலால் அந்த மாதங்களில் அதைக் குறைவாக எடுத்து, அடிக்கடி எடுப்பதே இந்தக் கரைக்கு ஏற்ற முறை.