படிவு, வண்டல், படுகை

'செடிமென்ட்' என்ற சொல்லுக்குப் பலரும் 'வண்டல்' என்று எழுதிவிடுகிறார்கள். பாதிதான் சரி. நீர் சுமந்து வந்து இறக்கும் கூழாங்கல், மணல், நுண்மண், களி எல்லாமே செடிமென்ட்தான். வண்டல் அதில் நுண்ணிய பங்கு. ஒகேனக்கல்லில் உருண்டு கிடக்கும் கல்லை யாரும் வண்டல் என்பதில்லை. பொதுப்பெயராகப் 'படிவு' பொருந்தும்: படி என்றால் அடியில் தங்கு, லத்தீன் மூலத்தின் பொருளும் 'உட்கார்' என்பதே. (சங்கப் பாடல்களில் சிறுமியர் மணலில் பாவை செய்து ஆடுவதும் 'வண்டல்'தான்.)

மணல், வண்டல், களி மூன்றையும் பிரித்துப் பார்க்க ஒரு பாட்டில் போதும். கால் பங்கு மண், மீதி நீர், சில சொட்டு பாத்திர சோப்பு. சோப்பு இல்லாவிட்டால் களி திரண்டு வண்டலோடு இறங்கி, கணக்கைக் கெடுக்கும். குலுக்கி வைத்தால் 10 செ.மீ. ஆழத்துக்கு மணல் ஒரு நிமிடத்துக்குள் இறங்கும். வண்டல் முழுதும் இறங்கச் சுமார் 8 மணி நேரம். களி அதன் பிறகும் கலங்கலாகவே நிற்கும்.

இலை, வேர், மேல்மண்ணின் மக்கு ஆகியவற்றின் கரிமம் பெரும்பாலும் இந்த நுண்துகள்களில் ஒட்டித்தான் பயணிக்கிறது. (கரிமம் என்பது 'கார்பன்'; அதன் லத்தீன் மூலமும் கரிதான்.) ஆகவே வேகம் தணியும் இடத்தில் இரண்டும் சேர்ந்து இறங்கும். ஒகேனக்கல் பாறை இடுக்கில் விரையும் காவிரி, 1934இல் கட்டி முடித்த மேட்டூர் அணையின் தேக்கநீரில், நாகமரைப் பக்கம், சுமையை இறக்குகிறது.

அணை இல்லாத ஆறு அந்தச் சுமையை, வெள்ளம் பரவும் கரையோரப் படுகையில் இறக்கும். படு என்றால் கிட. 'வெள்ளச் சமவெளி' என்ற பாடநூல் சொல்லுக்கு அவசியமே இல்லை. வெள்ளத்துக்கு வெள்ளம் புது அடுக்கு மூட, காற்றுப் புகாமல் நுண்ணுயிர்கள் மந்தமாகின்றன. கரிமம் ஆயிரக்கணக்கான ஆண்டுகள்கூடத் தங்கும். ஆறு தடம் மாறிக் கரையை அறுத்தால் மீண்டும் பயணம். அதனால் இன்றைய வெள்ளநீரிலும் மிகப் பழைய கரிமம் வரும்.

ஏரி வண்டலை அள்ளி வயலுக்கு அடிப்பவர்களுக்கும் இது பொருந்தும். கோடை முழுக்கக் குவித்துப் போட்டால் காற்றுப்பட்டுக் கரிமம் குறையும்; பரப்பி உடனே உழுதுவிட வேண்டும். நிறம் மாறிச் சரளை தெரிந்தால் தோண்டுவதை நிறுத்துங்கள். மண் பரிசோதனை அட்டையில் அங்ககக் கரிமம் 0.5 சதவீதத்துக்குக் கீழே என்றால் குறைவு, 0.75க்கு மேல் என்றால் அதிகம். கழிவுநீர் கலந்து நுரை பொங்கும், ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணைப் பக்கத் தென்பெண்ணை வண்டலை மட்டும், உலோகப் பரிசோதனை செய்யாமல் வயலில் சேர்க்க வேண்டாம். நஞ்சும் அதே நுண்துகளில்தான் ஒட்டுகிறது.