ரெபாசிட்டரி பிரௌசர் யாருடைய நகலைக் காட்டுகிறது? எஸ்ஏபி ஜேகோ பயன்படுத்துவோர் கவனத்துக்கு

நிறுவன மென்பொருளான எஸ்ஏபியோடு (SAP) ஜாவா நிரலை இணைக்க ஜேகோ (JCo) கனெக்டரைப் பயன்படுத்துகிறவர்களில் பலர், எஸ்ஏபி ஃபங்ஷன்களின் வரையறைகளை அது வைத்திருக்கும் இடமான மெட்டாடேட்டா ரெபாசிட்டரியைத் திறந்தே பார்த்ததில்லை. வெளி நிரல்கள் அழைப்பதற்கான எஸ்ஏபி ஃபங்ஷனான பாபியின் (BAPI) பெயரைக் கொடுக்கிறோம், வேலை நடக்கிறது, அதோடு சரி. பிறகு ஒருநாள் தொகை வரவேண்டிய இடத்தில் தேதியின் பாதி வந்து நிற்கும். அல்லது எஸ்ஏபியில் கண்ணெதிரே இருக்கும் ஃபீல்டை ‘இந்த ஸ்ட்ரக்சரில் இல்லை’ என்று நிரல் மறுக்கும். ரெபாசிட்டரியில் உள்ளதை விரித்துக் காட்டும் நிரலான ரெபாசிட்டரி பிரௌசரைத் திறக்க வேண்டிய நேரம் அது. ஆனால் அதில் தெரிவது என்ன என்று புரியாமல் திறந்தால், கோளாறு இருக்கும் இடத்திலேயே ‘எல்லாம் சரி’ என்று முடிவு கட்டிவிடுவோம்.

ஒரு பாபியை முதல் முறை அழைக்கும்போது, அதன் வரையறையை ஜேகோ எஸ்ஏபியிடம் கேட்டு வாங்குகிறது. என்னென்ன பாராமீட்டர்கள், ஒவ்வொன்றும் என்ன வகை, எத்தனை பைட், எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற விவரம் அது. வாங்கியதை, ஜாவா நிரல் ஓடும் ஜேவிஎம்மின் (JVM) நினைவகத்தில் கேஷாக, அதாவது தற்காலிக நகலாக வைத்துக்கொள்கிறது. கேஷை நீக்கும் வரையோ ஜேவிஎம்மை நிறுத்தித் தொடங்கும் வரையோ மறுபடி கேட்பதில்லை. பிரௌசர் காட்டுவது இந்த நகலைத்தான்.

பெரும்பாலோர் ஏமாறும் இடம் இதுதான். பிரௌசரைத் தனி நிரலாகத் தொடங்கினால் அதற்கென்று ஒரு புது ஜேவிஎம், அதற்கென்று ஒரு புதுக் கேஷ். அது இன்றைய வரையறையை எஸ்ஏபியிடமிருந்து வாங்கிச் சரியாகவே காட்டும். பக்கத்தில் மூன்று மாதமாக ஓடிக்கொண்டிருக்கும் உங்கள் சர்வரோ மூன்று மாதத்துக்கு முந்தைய வரையறையை வைத்துத்தான் பைட்டுகளைப் பிரித்துக்கொண்டிருக்கும். கோளாறுள்ள ஜேவிஎம்முக்குள்ளேயே ஓடுகிற பிரௌசர்தான் பயன்படும். அதற்கு வழியில்லை என்றால், அந்த ஜேவிஎம்மிலிருந்தே ரெபாசிட்டரியை ஜேசன் கோப்பாகச் சேமிக்கச் செய்து, அந்தக் கோப்பை வெளியில் எடுத்துப் பாருங்கள். இதற்கான சேவ் மெத்தட் ஜேகோ 3இன் ரெபாசிட்டரியிலேயே இருக்கிறது.

பார்க்கும் முறை எளிது. டெஸ்டினேஷனை, அதாவது எஸ்ஏபியோடு இணைவதற்கான விவரத் தொகுப்பைத் தேர்ந்தெடுத்து, அதன் ரெபாசிட்டரியைப் பெற்று, பாபியின் பெயரைப் பெரிய எழுத்துகளில் கொடுக்க வேண்டும். அந்தப் பெயரில் எதுவும் இல்லை என்றால் நல் (null) என்ற வெற்று மதிப்பு மட்டுமே திரும்பும். இதைச் சோதிக்காத பிரௌசர் அந்த இடத்தில் நல் பாயின்டர் பிழையோடு நின்றுவிடும். பெயர் சரியென்றால் இம்போர்ட், எக்ஸ்போர்ட், சேஞ்சிங், டேபிள் என்று நான்கு பட்டியல்களும், எக்செப்ஷன்களின் பட்டியலும் கிடைக்கும். ஸ்ட்ரக்சர், டேபிள் வகைப் பாராமீட்டர்களை விரித்தால் உள்ளே இருக்கும் ஃபீல்டுகள் தெரியும். ஒரு ஃபங்ஷன் பிரௌசரில் தெரிவதாலேயே அதை வெளியிலிருந்து அழைக்கலாம் என்று நினைத்துவிட வேண்டாம். அது ரிமோட் அழைப்புக்குத் திறந்திருக்கிறதா என்பதை எஸ்ஏபியில் ஃபங்ஷன்களுக்கான எஸ்இ37 (SE37) திரையில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஓர் உதாரணத்தை அருகில் வைத்துப் பார்ப்போம். விற்பனை ஆர்டரை உருவாக்கும் பாபியான BAPI_SALESORDER_CREATEFROMDAT2இன் ஐட்டம் டேபிளை விரித்தால் மெட்டீரியல் என்ற ஃபீல்டு 18 எழுத்து நீளத்தில் இருக்கும். பைட் கணக்கில் அதற்கு இரண்டு எண்கள் உண்டு: யூனிகோட் அல்லாத நீளம் 18, யூனிகோட் நீளம் 36. எஸ்ஏபியின் புதிய தலைமுறையான எஸ்/4ஹானாவில் மெட்டீரியல் எண் 40 எழுத்து வரை நீண்டபோது, பழைய ஃபீல்டை நீட்டாமல், மெட்டீரியல்_லாங் என்ற 40 எழுத்து ஃபீல்டைத் தனியாகச் சேர்த்தார்கள். பழைய இசிசி சிஸ்டத்திலிருந்து சேமித்த ஜேசனை ஏற்றி ஓடும் நிரலுக்கு இந்த ஃபீல்டு இருப்பதே தெரியாது. நீளமான எண்ணை அதில் வைக்க முயன்றால் ‘ஃபீல்டு இல்லை’ என்ற பிழைதான் வரும்.

இப்படிக் கடைசியில் சேர்க்கும் ஃபீல்டு பெரிய ஆபத்தில்லை. பிழை வந்து நிற்கும், கண்டுபிடித்துவிடலாம். நிறுவனங்கள் தாங்களே உருவாக்கும் இசட் ஸ்ட்ரக்சர்களில் நடுவில் ஒரு ஃபீல்டைச் செருகும்போதுதான் பயப்பட வேண்டும். அதற்குப் பின்னால் உள்ள ஃபீல்டுகள் எல்லாம் இடம் நகர்ந்துவிடும், பழைய கேஷ் பழைய இடத்திலிருந்தே படிக்கும், பிழைச் செய்தி எதுவும் வராமலே தவறான மதிப்பு உள்ளே போய்விடக்கூடும். ஆகவே பிரௌசரில் ஃபீல்டின் பெயரை மட்டும் ஒப்பிடாதீர்கள். தொடங்கும் இடத்தையும் பைட் நீளத்தையும் எஸ்ஏபியில் தரவு வரையறைகளுக்கான எஸ்இ11 (SE11) திரையில் தெரியும் ஸ்ட்ரக்சரோடு வரிசையாக ஒப்பிடுங்கள்.

நீளத்தைப் படிப்பதில் இன்னொரு சிக்கல், எண்ணை இலக்கம் இலக்கமாகச் சேமிக்கும் பிசிடி (BCD) வகை. பாபிகளில் தொகைக்கு வரும் பாபிகர் (BAPICURR) வகையின் பைட் நீளம் 12, தசம இடம் 4. இதைப் பார்த்துவிட்டு டேட்டாபேஸில் 12 இலக்க நெடுவரிசை போடுகிறவர்கள் உண்டு. ஒரு பைட்டில் இரண்டு இலக்கம், கடைசி அரை பைட்டில் கூட்டல் கழித்தல் குறி. ஆக 12 பைட் என்றால் 23 இலக்கம். அளவுகளுக்கு வரும் 7 பைட் ஃபீல்டில் 13 இலக்கம்.

மெட்டாடேட்டா சொல்லாத விஷயங்களும் இருக்கின்றன. வாடிக்கையாளர் எண் 10 எழுத்து என்று காட்டும். முன்னால் பூஜ்யம் நிரப்ப வேண்டும் என்று காட்டாது. 1234 என்று அனுப்பினால் பல பாபிகள் அப்படி ஒரு வாடிக்கையாளரே இல்லை என்றுதான் சொல்லும். அனுப்ப வேண்டியது 0000001234. இப்படிப் பூஜ்யம் நிரப்பும் ஆல்ஃபா கன்வர்ஷன் எந்த ஃபீல்டுக்கு இருக்கிறது என்பதை எஸ்இ11இல் அந்த ஃபீல்டின் வகையை வரையறுக்கும் டொமைனைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

பிரௌசர் திறந்ததும் அனுமதி இல்லை என்ற செய்தி வந்தால், பிரௌசர் உள்நுழையும் பயனருக்கு எல்லா அனுமதிகளும் அடங்கிய எஸ்ஏபி_ஆல் (SAP_ALL) கொடுத்து முடித்துவிடும் பழக்கம் நல்லதல்ல. மெட்டாடேட்டாவை வாங்குவதும் ஆர்எஃப்சி (RFC) என்ற ரிமோட் அழைப்புதான் என்பதால் எஸ்_ஆர்எஃப்சி ஆதரைசேஷன் தேவை. ஆர்எஃப்சி1, எஸ்டிஐஎஃப்ரன்டைம், ஆர்எஃப்சி_மெட்டாடேட்டா ஆகிய ஃபங்ஷன் குரூப்களுக்கு ஆக்டிவிட்டி 16 (இயக்கும் அனுமதி) கொடுத்துத் தொடங்குங்கள். விடுபட்டது எது என்று அனுமதிச் சோதனைகளைப் பதிவு செய்யும் எஸ்டிஆத்டிரேஸ் (STAUTHTRACE) காட்டிவிடும். டெஸ்டினேஷனில் ரெபாசிட்டரிக்கென்று தனிப் பயனரைக் குறிப்பிட ஜேகோ இடம் தருகிறது. மெட்டாடேட்டாவை மட்டும் படிக்கும் அந்தப் பயனரையே பிரௌசருக்கும் கொடுங்கள். உதாரண நிரல்களில் வரும் ஜேகோடெஸ்டினேஷன் கோப்பில் கடவுச்சொல் வெறும் எழுத்தாகவே கிடக்கும். அதை அப்படியே புரொடக்‌ஷன் சர்வருக்குக் கொண்டுபோகக் கூடாது.

நகல் பழையது என்று உறுதியானால் நீக்குவதில்தான் கவனம் வேண்டும். ஃபங்ஷனின் வரையறையான டெம்ப்ளேட்டும் ஸ்ட்ரக்சரின் வரையறையும் கேஷில் தனித்தனியாக இருக்கின்றன. டெம்ப்ளேட்டை மட்டும் நீக்கினால், புதிதாக வரும் டெம்ப்ளேட் பழைய ஸ்ட்ரக்சரையே மறுபடி பிடித்துக்கொள்ளக்கூடும். இரண்டையும் நீக்குங்கள், எவை மாறின என்று தெரியாவிட்டால் ரெபாசிட்டரியை முழுவதுமாகக் காலி செய்யுங்கள். காலி செய்தபின் முதல் அழைப்பு மட்டும் சற்றுத் தாமதமாகும். ஏற்கெனவே உருவாக்கி வேரியபிளில் வைத்திருக்கும் ஃபங்ஷன் ஆப்ஜெக்ட் பழைய வரையறையோடே இருக்கும், அதைப் புதிதாகப் பெற வேண்டும். கிளஸ்டரில் நான்கு நோடு ஓடினால் நான்கிலும் தனித்தனியே இதைச் செய்ய வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் சில கோரிக்கைகள் சரியாகவும் சில தவறாகவும் போகும், அதைத் தேடுவது முதல் கோளாறைத் தேடுவதைவிடக் கடினம். எஸ்ஏபியில் டிரான்ஸ்போர்ட் (மாற்றங்களின் தொகுப்பு) இறங்கும் நேரத்தை இன்டக்ரேஷன் குழுவுக்குச் சொல்லும் ஏற்பாடு இருந்தால், இந்த வேலையை அன்றே செய்துவிடலாம்.